சட்டிக்குள் போன குலம்

மீனுக்குச் சொந்த ஊர் உண்டு என்று அரசாங்கத்துக்குத் தெரியவந்த பிறகு, எங்கள் சிப்பிமுனையில் ஒரு மீனைக்கூட நிம்மதியாகக் கரையேற்ற முடியவில்லை. தூண்டிலில் ஏறுகிறது, படகில் விழுகிறது, கரைக்கும் வந்துவிடுகிறது. ஆனால் ஏலக்கூடத்து வாசலில் குலமானி என்று ஒரு கருவி காத்திருக்கும். பேனா பருமன்தான். செதிலில் முனையை வைத்தால் போதும். இன்ன வகை, இன்ன கடலில் பிறந்த குலம், ஆணா பெண்ணா என்று கல்யாணத் தரகர் மாதிரி ஒப்பிக்கும். தரகராவது பாதி பொய் சொல்லி நம்மைச் சந்தோஷப்படுத்துவார். இது அதுவும் செய்யாது.

நான் அந்தக் கூடத்தில் ஏலம் கூவியவன். பெயர் மிக்கேல் ரொட்ரிகோ. ஊருக்கு ஏலம் மாமா. நான் தொண்டையைத் திறந்தால் இலங்கைக் கரையில் தூங்குகிற குழந்தை எழுந்து அழும் என்பார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், நான்தான் சொல்லி வைத்தேன். இப்போது ஏலத்தையும் இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. அதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. தொண்டை பிழைத்தது, காலையில் இரண்டாவது காப்பி கிடைக்கிறது, ஊர் வேடிக்கையை உட்கார்ந்து பார்க்க நாள் முழுதும் கிடைக்கிறது. அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எங்கள் கடல் எங்கள் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

அறிவிப்பு ஆழியிடமிருந்து வந்தது. ஆழி என்பது கடலை நிர்வகிக்க வைத்திருக்கும் அறிவு இயந்திரம். குமரி முனையிலிருந்து வங்கம் வரைக்கும் எந்தக் கரை எந்தக் குலத்து மீனை எவ்வளவு பிடிக்கலாம் என்று அதுதான் தீர்ப்புச் சொல்லும். அதற்குக் கோபமும் வராது, இரக்கமும் வராது, சிபாரிசுக்கு அதன் மாமனார் வீடும் யாருக்கும் தெரியாது. "சிப்பிமுனைக் கடலில் சிப்பிமுனைக் குலத்து விளமீன் ஒன்றுகூட இல்லை. ஆகவே இது வழிக்கடல். மாதா திருவிழா முடிந்ததும் இந்த ஆணை நடப்புக்கு வரும்" என்று அது சொல்லிவிட்டது.

கடைசியாக ஒருமுறை சரிபார்க்க ஒரு டாக்டரம்மாவை அனுப்பினார்கள். மங்கையர்க்கரசி என்று பெயர், திருநெல்வேலிப் பக்கம். கடல் மீனின் மரபணுவில் முனைவர் பட்டம். உலகத்தில் உள்ள விளமீன்களையெல்லாம் கொள்ளுத்தாத்தா பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர். ஆனால் சுத்த சைவம். மீன் நாக்கில் பட்டதில்லை. ஊரில் தங்குவதற்கு வசதியான அறை செசிலி மோத்தா வீட்டு மாடியில்தான் இருந்தது. செசிலி தூண்டில் படகு வைத்திருப்பவள். புருஷன் காலமான பிறகு படகை அவளே நடத்துகிறாள். கடலுக்குள் ஆட்கள் போவார்கள். கரையில் அவள் நிற்பாள். அவள் நின்றால் வியாபாரிகள் இரண்டடி தள்ளி நிற்பார்கள். டாக்டரம்மா மாடியில் தயிர்ச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டுக்கொண்டு, மூக்கில் கைக்குட்டையோடு மாடிப்படி இறங்கி நேரே ஏலக்கூடத்துக்குப் போவார், நேரே திரும்புவார். அடுப்படிப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

ஒருநாள் காலை, செசிலி அவரை மாடிப்படியிலேயே மறித்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். காப்பிக்காகப் போயிருந்தேன்.

"டாக்டரம்மா, எனக்கு வெளங்குத மாதிரி ஒருக்கா சொல்லுங்க. எங்க கடல்ல மீனு இருக்கு. நாங்க பிடிக்கோம். பொறவென்ன வழிக்கடல், வாய்க்கால் கடல்?"

"மீன் இருக்கு அக்கா. அது உங்க மீன் இல்ல."

"எங்க தூண்டில்ல ஏறுனா எங்க மீனுதான்."

மங்கையர்க்கரசி படியில் உட்கார்ந்தார். "உங்க தெருவுல ரெண்டு குடும்பம் இருக்குன்னு வச்சுக்கோங்க. மோத்தா வீடு, மச்சாது வீடு. வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து தலையை மட்டும் எண்ணுதான். போன தடவை எவ்வளவோ அதே அளவு இருக்கு. தெரு நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போயிருதான். ஆனா உள்ள பாத்தா மோத்தா வீட்ல ஒரு ஆள் மிச்சமில்ல. மச்சாது வீட்ல ரெண்டு மடங்காப் பெருகிட்டாங்க. மொத்தத்தை மட்டும் எண்ணுனவனுக்கு அது தெரியுமா?"

"மச்சாது வீட்ல பெருகத்தான் செய்வாவ. அவுகளுக்கு வேற என்ன சோலி?"

"அக்கா!"

"சரி, சொல்லுங்க."

"முன்னாடி கடலை அப்படித்தான் எண்ணினோம். விளமீன்னா எல்லாம் ஒரே விளமீன். அப்படி எண்ணி எண்ணியே பல குலம் சத்தமில்லாம அத்துப்போச்சு. ஒரு குலம் போனா அது முட்டையிடுற பாறையும் சும்மா கெடக்கும். வேற குலம் வந்து மேயும், ஆனா அங்க முட்டையிடாது. உங்க கரைக்குன்னு ஒரு குலம் இருந்துச்சு. பழைய காட்சிசாலைல ஜாடிக்குள்ள ஒண்ணு இருக்கு, நானே பாத்தேன். ஆனா உங்க கூடத்துல நான் தொட்ட அத்தனை மீனும் வெள்ளித்திட்டுல பொறந்தது. இங்க மேய வருது, அவ்வளவுதான். அதுக்குப் பேருதான் வழிக்கடல். மேய வந்த மாட்டை நாம கட்டி வச்சுக்க முடியாதுல்லா? இனி வெள்ளித்திட்டுச் சங்கத்துக்கிட்ட அனுமதி கேட்டுத்தான் நீங்க பிடிக்கணும்."

செசிலியின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். வெள்ளித்திட்டு எங்களுக்கு வடக்கே இருக்கிற ஊர். அவர்களுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு, பூனைக்கும் பூனைக்கும் உள்ள உறவு.

"வெள்ளித்திட்டுக்காரன் வாசல்ல போயி நா நிக்கவா? என் கல்யாணத்துல கறி பத்தலன்னு இன்னைக்கும் சிரிக்குத கூட்டம் அது. எம் படகை விறகுக்குப் போட்டாலும் போடுவேனே தவிர, போயி நிக்கமாட்டேன். அதுல நாலு குடும்பம் சாப்பிடுது டாக்டரம்மா. எம் புள்ள மேல சத்தியமாச் சொல்லுதேன், விறகுதான்."

"எனக்கும் இது பிடிக்கல அக்கா. ஆனா இல்லாத மீனை இருக்குன்னு எழுத முடியாது."

அவர் எதையும் ஏனோதானோவென்று செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் உள்ள எல்லாத் தண்டல்களையும், அதாவது படகுக்குத் தலையானவர்களை, தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். வழியில் எங்காவது மீனை இறக்குகிறீர்களா? நடுக்கடலில் வேறு படகுக்கு விற்கிறீர்களா? அத்தனை பேரும் அந்தோணியார்மேல் ஆணையிட்டு இல்லை என்றார்கள். செசிலியின் தண்டல் குருஸ் ஒருபடி மேலே போய், "பொய் சொன்னா எந் தூண்டில்ல நானே மாட்டிச் சாவேன்" என்றான். அவன் சொன்னது சத்தியம். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் விசேஷம்.

திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள் மத்தியானம். அன்றைக்கும் நான் காப்பிக்காகச் செசிலி வீட்டில்தான் இருந்தேன். மங்கையர்க்கரசி மாடியில் அறிக்கையை முடித்து அனுப்பப் போகிறார். பையை உதறியபோது அவருடைய குலமானி கைதவறி மாடிப்படியில் உருண்டது. ஒவ்வொரு படியாக இறங்கி, அடுப்படி வாசலில் போய் நின்றது. செசிலி மீன் கழுவிக்கொண்டிருந்தவள், ஈரக் கையோடு எழுந்து வந்து அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சேலையில் கையைத் துடைத்தாள். கருவியின் முனை அவள் முழங்கைக்கு மேலே பட்டது.

கருவி வாயைத் திறந்தது. "விளமீன். சிப்பிமுனைக் குலம். பெண்."

செசிலி அதைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தாள். பிறகு மாடியைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"டாக்டரம்மா, இதைச் சொல்ல ஒரு மிஷினா? எங்கப்பன் சிப்பிமுனை, எங்க தாத்தன் சிப்பிமுனை. பொம்பளைன்னும் சரியாச் சொல்லிட்டு. ஆனா என்னைப் பாத்து விளமீன்னு சொல்லுது பாருங்க, அதுதான் கொழுப்பு!"

மங்கையர்க்கரசி மாடியிலிருந்து வந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். படிகளை அவர் தொட்டதாக எனக்கு நினைவில்லை. வந்தவர் செசிலியின் கையைப் பிடித்துத் திருப்பினார். முழங்கைக்கு மேலே ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் மெல்லிய சிவப்பு.

"அக்கா, இது ஏது?"

"எது?"

"இந்தச் செதில்."

"கறிமீன் கழுவுனேம்லா."

"கறிமீன்னா? கூடத்துல வாங்குனதா?"

செசிலி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இப்படி ஒரு கேள்வியை ஒருவர் கேட்க முடியும் என்பதே எங்கள் இருவருக்கும் அதுவரை தெரியாது.

"கறிமீனை எவளாவது கூடத்துல வாங்குவாளா? படகுலயே எடுத்து வச்சிருவாவ. குருஸ் குடுத்தனுப்புனான்."

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் படகு கரைக்குத் திரும்பும் முன்பே, கடலிலேயே, ஆட்கள் அவரவர் வீட்டுக் குழம்புக்கு ஆளுக்குக் கொஞ்சம் மீன் எடுத்து ஓலைப்பெட்டியில் போட்டுக்கொள்வார்கள். அதுதான் கறிமீன். அதில் படகுக்காரருக்குப் பேச்சில்லை, வியாபாரிக்குப் பேச்சில்லை, கோயிலுக்கும் பேச்சில்லை. ஆட்கள் மனம்வைத்து ஒன்றைப் படகுக்காரர் வீட்டுக்கு அனுப்பினால் உண்டு. அது எந்தக் கணக்கிலும் வராது. ஏலம் கூவின காலமெல்லாம் அந்தப் பெட்டிகள் என் முன்னாலேயே போகும். அவற்றை நான் பார்த்ததே கிடையாது. சேலையில் முடிந்த சில்லறையைப் பார்ப்பது போல, பார்த்தால் மரியாதையில்லை.

எந்த மீனை எடுப்பார்கள்? விளமீனில் கன்னம் சிவந்த ஒன்று வரும். வியாபாரிகள் அதைத் தொடமாட்டார்கள். அடிபட்டது, பழசு என்பார்கள். வெள்ளி மாதிரி மின்னினால்தான் விலை. அதனால் கன்னஞ்சிவப்பையெல்லாம் படகிலேயே பொறுக்கி ஓலைப்பெட்டிக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அதன் ருசியைப் பற்றி நான் சொன்னால் கூட்டிச் சொல்வதாக நினைப்பீர்கள். எதிர்வீட்டு லூர்து தாத்தா உயிர் போகும் தறுவாயில் அந்தக் குழம்பு வாசம் வந்ததும், "இரு, ராத்திரிக்குப் பாக்கலாம்" என்று எமனைத் திருப்பி அனுப்பினார். அப்புறம் ஏழு வருஷம் இருந்தார்.

"நான் எல்லார்ட்டயும் கேட்டேனே! மீனை வழியில எடுக்குறீங்களான்னு கேட்டேனே!" என்றார் மங்கையர்க்கரசி.

"இறக்குதியளா, விக்கிதியளான்னுதான கேட்டிய? அது எதுவும் இல்லியே. இது சாப்பாடு" என்றாள் செசிலி.

அந்த அம்மாள் கைக்குட்டையை மூக்கில் இறுக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மீன் அடுப்படிக்குள் காலெடுத்து வைத்தார். கொதிக்கிற சட்டிக்குள் கரண்டியை விட்டு ஒரு முள்ளை எடுத்து, ஊதி, கருவியின் முனையை வைத்தார்.

"விளமீன். சிப்பிமுனைக் குலம்."

புளி கொஞ்சம் தூக்கல் என்றும் அது சொன்னதாக நான் அன்றைக்கு ஊரெல்லாம் சொன்னேன். அது என் கைச்சரக்கு.

அதற்குப் பிறகு நடந்தது கிட்டத்தட்ட ஒரு சப்பரப் பவனி. முன்னால் டாக்டரம்மா, அவருக்குப் பின்னால் செசிலி, நான், ஊர்ப் பெண்கள், எல்லோருக்கும் பின்னால் ஊர்ப் பூனைகள். வீடு வீடாக நுழைந்து சட்டி சட்டியாகப் பார்த்தார். "எஞ் சட்டிக்குள்ள என்னத்தைத் தேடுதிய? நா புருஷனுக்கு விஷமா வச்சிருக்கேன்?" என்று ஒருத்தி சண்டைக்கே வந்தாள். முள், தலை, பூனை வாயில் கிடந்த வால், எதைத் தொட்டாலும் ஒரே பதில்தான். சிப்பிமுனைக் குலம். இல்லாமல் போய்விட்டது என்று ஜாடியில் வைத்து அழுத குலம், ஊரில் எல்லோர் வீட்டு அடுப்பிலும் கொதித்துக்கொண்டிருந்தது.

ஊர் துள்ளியது. கடல் பிழைத்தது! திருவிழா வெடியில் பாதி அன்றைக்கே தீர்ந்தது. மங்கையர்க்கரசி மட்டும் படியில் உட்கார்ந்து, கருவி சேர்த்து வைத்திருந்ததைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"ஏன் டாக்டரம்மா, ஜெயிச்சிட்டோம்லா?" என்றாள் செசிலி.

"அக்கா, நான் பாத்த முள்ளு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தாய் பிள்ளைங்க. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, ஒண்ணுவிட்ட சித்தப்பன். அப்படின்னா மிச்சம் ரொம்பக் கொஞ்சம்னு அர்த்தம். இந்தக் குலத்தை வியாபாரி தொடல, பெரிய கப்பல் தொடல, வெள்ளித்திட்டு தொடல. தின்னது ஒரே ஊருதான்."

செசிலி சேலையில் ஒட்டியிருந்த இன்னொரு செதிலைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். நான் வாயைத் துடைத்துக்கொண்டேன். 

"இருக்குன்னு நான் எழுதினா கடல் உங்களுக்குத்தான். வெள்ளித்திட்டு மீன்லயும் உங்க பங்கு வந்துரும், யார் வாசல்லயும் நிக்க வேண்டாம். ஆனா இந்தக் கன்னஞ்சிவப்பு தேறி வாற வரைக்கும் ஒண்ணைக்கூட எடுக்கக் கூடாது. தூண்டில்ல ஏறுனா உயிரோட திருப்பி விடணும்."

"அதை நா சொல்ல முடியாது" என்றாள் செசிலி. "படகு என்னுது. தூண்டில் என்னுது. கறிமீனு அவனுவளுது. அதுல நா வாயத் தொறந்தா நாளைக்கு எம் படகுல ஒருத்தன் ஏறமாட்டான்."

ஆகவே மறுநாள் வலைக்கூடத்தில் எல்லாப் படகு ஆட்களும் கூடினார்கள். குருஸ் தண்டல் நடுவில் எழுந்து நின்றான். அவனைப் பற்றிச் சொன்னால், பிடித்த மீனின் நீளத்தைக் காட்ட இரண்டு கை போதாமல் பக்கத்தில் நிற்பவன் கையையும் இரவல் வாங்குகிறவன். அன்றைக்கு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றான்.

"மொதலாளியம்மா பங்கைக் கொறைக்கட்டும், நா கேக்கமாட்டேன். கோயிலு வரியக் கூட்டட்டும், குடுத்துருவேன். கறிமீன்ல மட்டும் யாரும் கைய வைக்கப்பிடாது. கடல்ல சாவுறதுக்கு நாங்க. எங்க புள்ளைக்கு ஒரு மீனு. அதுகூட எங்க இஷ்டத்துக்கு இல்லன்னா பொறவு நா தண்டலா, கூலிக்காரனா?"

"ஒன் இஷ்டந்தாம்ல" என்றாள் செசிலி. "நா கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. கடலு போனா எந்தக் கடல்ல எடுப்பன்னு மட்டும் யோசிச்சுக்கோ."

பின்வரிசையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "சரின்னு சொல்லிட்டுத் தின்னா என்ன? கூடத்துலதான மிஷினு இருக்கு. கடல்ல யாரு பாக்கா?"

எல்லோரும் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சட்டம், தண்டனை, கேமரா என்று ஏதாவது சொல்லுவார் என்று நானும் எதிர்பார்த்தேன்.

"யாரும் பாக்கமாட்டாங்க அண்ணாச்சி" என்றார் மங்கையர்க்கரசி. "நீங்க தின்னா எனக்குத் தெரியாது. ஆழிக்கும் தெரியாது. முள்ளைக் கடல்ல போட்டுட்டா பூனைக்குக்கூடத் தெரியாது. கொஞ்ச வருஷம் கழிச்சு உங்களுக்கே தெரியும்."

 அவர் மேலே பேசினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "இன்னொண்ணும் சொல்லிருதேன். உங்க ஊருக்கு முன்னாடி வேற கரைகளுக்கும் போயிருக்கேன். அங்கயும் சொந்தக் குலம் இல்லன்னு நான்தான் எழுதினேன். படகையெல்லாம் மேல ஏத்திட்டாங்க. பாதிப் பேரு ஊரைவிட்டே போயிட்டாங்க. அங்கயும் நான் ஏலக்கூடத்து வாசல்லதான் நின்னேன். ஒரு வீட்டு அடுப்படிக்குள்ளயும் போகல."

குருஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கேட்டது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கோபத்தில் கேட்டதுதான், அது எங்கே போய் முட்டும் என்று அவனுக்கும் தெரியாது.

"அப்போ வெள்ளித்திட்டுக்காரன் சட்டியப் பாத்தியளா?"

"இல்ல."

"அவன் கறிமீன் திங்கமாட்டானா? அவனும் கழிச்சதைத்தான திங்குவான்? எங்கிட்ட மட்டும் திருப்பி விடச் சொன்னா எப்படி? அவன் சட்டியையும் பாருங்க. அவனும் விட்டா நானும் விடுதேன். அவனுக்கு மின்னயே விடுதேன்!"

ரோஷம் என்பது எங்கள் ஊரில் அரசாங்க ஆணையைவிட வேகமாக வேலை செய்யும். "ஆமா, மின்னயே விடுவோம்!" என்று கூடம் முழுக்க எழுந்தது. வெள்ளித்திட்டுக்காரன் ஒரு மீனை விடுவதற்குள் நாம் இரண்டு விட்டிருக்க வேண்டும் என்பது அங்கேயே, ஒருவரும் கேட்காமலே, முடிவாகிவிட்டது.

திருவிழாவுக்கு மறுநாள் ஆழியின் விசாரணை. ஏலக்கூடத்து ஒலிபெருக்கியில் அதன் குரல் வந்தது. ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. நன்றாகப் படித்த மழை பேசுவது போல இருக்கும். மங்கையர்க்கரசி எதையும் மறைக்காமல் சொன்னார். சட்டிகள், முள்கள், கன்னஞ்சிவப்பு, தான் செய்த தவறு, ஆட்கள் கொடுத்த வாக்கு. கடைசியில் குருஸின் கேள்வியையும் வைத்தார்.

ஆழி பதில் சொல்லச் சாதாரணமாகக் கண்ணிமைக்கும் நேரம்கூட எடுக்காது. அன்றைக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு காப்பி குடித்து, இன்னொன்றுக்குச் சொல்லியும் விட்டேன்.

"வெள்ளித்திட்டில் வீடுகளுக்குப் போகும் மீன் படிக்கப்படவில்லை," என்றது ஆழி. "எந்தக் கரையிலும் படிக்கப்படவில்லை. விற்பனைக்கு வந்த மீன் மட்டுமே படிக்கப்பட்டது."

"அப்படின்னா?" என்றாள் செசிலி, இயந்திரத்திடமே.

பதில் சொன்னது மங்கையர்க்கரசி. "அப்படின்னா அக்கா, இந்தக் கடல் முழுக்க நாங்க ஒரு படம் வரைஞ்சிருக்கோம். எந்தக் குலம் எங்க இருக்கு, எவ்வளவு இருக்குன்னு. அதுல வீட்டுக்குன்னு மீனவங்க எடுத்து வச்ச மீனே இல்ல. மிச்சத்தை வச்சு வரைஞ்ச படம் அது."

"குமரி முதல் வங்கம் வரை எல்லா வழிக்கடல் ஆணைகளும் நிறுத்தி வைக்கப்படுகின்றன," என்றது ஆழி. "அளவெடுப்பு அடுப்படியிலிருந்து தொடங்கும். பொறுப்பு, முனைவர் மங்கையர்க்கரசி."

அந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். இரண்டாயிரம் மைல் மீன் குழம்பு! தண்டனை என்று ஆழி நினைக்கவில்லை. அதற்கு நகைச்சுவை தெரியாது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குச் சந்தேகம் உண்டு.

அவர் போனார். ஒவ்வொரு கரையிலும் ஏதோ ஒன்று சட்டிக்குள் கிடந்தது. சில இடங்களில் ஒன்றுமே கிடைக்கவில்லை. அங்கெல்லாம் அவர் கொஞ்ச நாள் அதிகமாகத் தங்கினார் என்று கேள்வி. மேலே ஏற்றிய படகுகளில் சில மறுபடி இறங்கின. எல்லாம் இறங்கவில்லை. ஊரைவிட்டுப் போனவர்களை எந்த ஆணையும் திருப்பிக் கூப்பிட முடியாது.

எங்கள் கரையில் கறிமீன் சாளையாக மாறியது. சாளை நல்ல மீன்தான். எமனைத் திருப்பி அனுப்பாது, ஆனால் கொஞ்ச நேரம் பேச்சுக்கொடுத்து நிறுத்திவைக்கும்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. எத்தனை கன்னஞ்சிவப்பைத் திருப்பி விட்டோம் என்று ஆழிக்குத் தெரிந்தாக வேண்டும். பிடித்த மீனென்றால் கருவியால் தொடலாம். விட்ட மீனை எதால் தொடுவது? ஆட்கள் வாயால் சொல்வதுதான் கணக்கு. எங்கள் வாயால்! அதுவரை பிடித்த மீனைப் பற்றிப் பெருமையடித்த ஊர், இப்போது விட்ட மீனைப் பற்றி அடிக்க ஆரம்பித்தது. இதில் ஒரு சௌகரியம், காட்ட வேண்டியதில்லை. "இந்தா நீளம், விட்டுட்டேன்" என்பான் ஒருவன். "எனக்கு ஏறுனது படகையே இழுத்துட்டுப் போச்சு, அறுத்து விட்டேன்" என்பான் இன்னொருவன். குருஸ் விட்டதாகச் சொன்னதையெல்லாம் கூட்டினால், மன்னார் வளைகுடாவில் தண்ணீருக்கு இடமிருக்காது.

மங்கையர்க்கரசி அதற்கும் வழி கண்டுபிடித்தார். சில நாட்கள் படகுகளில் தானே ஏறிப் போய், வாந்தியெடுத்துக்கொண்டே எண்ணினார். பிறகு அதே ஆட்கள் கரையில் சொன்னதோடு ஒப்பிட்டார். யார் எத்தனை மடங்கு கூட்டிச் சொல்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வைத்தார். அதற்குப் பெருமை வகுத்தி என்று பெயர். ஆள் சொல்வதை அதனால் வகுத்தால் உண்மை வந்துவிடுமாம். ஆழி அதை ஏற்றுக்கொண்டது. கரையில் நின்று, கேட்டதைக் கூட்டாமல் சொல்லும் செசிலிக்கு ஒன்று, அவள் சொன்னால் சொன்னதுதான். குருஸுக்கு ஐந்து. நான் கடலுக்கே போகிறதில்லை என்றாலும் போய்வந்தவர்கள் சார்பில் அவ்வப்போது எண்ணிக்கை கொடுத்துவந்தேன். எனக்கும் ஓர் எண் இருக்கிறது. அதை என்னிடம் சொல்ல மறுக்கிறார்கள்.

இப்படியே வருஷங்கள் போயின. போன மாசியில் டாக்டரம்மா மறுபடி வந்திருந்தார். இப்போது கைக்குட்டை இல்லை. மீன் இன்னும் சாப்பிடுவதில்லை. ஆனால் வாசத்தை வைத்து எந்தக் கரைக் குழம்பு என்று சொல்லிவிடுவார். மத்தியானம் படகு வந்தது. செசிலி கயிற்றை வாங்கிக் கட்டினாள். குருஸ் சொல்லப்போகும் எண்ணைக் கேட்கக் கரையில் பாதி ஊர் கூடிவிட்டது. ஊரில் எங்களுக்கு வேறு பொழுதுபோக்கு என்ன இருக்கிறது?

"எத்தனை அண்ணாச்சி விட்டீங்க இன்னைக்கு?" என்று கேட்டார் மங்கையர்க்கரசி, ஐந்தால் வகுக்கத் தயாராக.

குருஸ் இறங்கவில்லை. படகு ஓரத்திலேயே உட்கார்ந்து, வலது தோளை இடது கையால் பிசைந்துகொண்டிருந்தான்.

"எண்ணல தாயி."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுங்க."

"எண்ண எங்க நேரம்? போட்டா கன்னஞ்சிவப்புதான் ஏறுது. கழத்தி விட்டா அடுத்ததும் அதுவாத்தான் இருக்கு. கையெல்லாம் வலிக்கி." தோளைப் பிசைவதை நிறுத்தாமல் செசிலியைப் பார்த்தான். "விக்கிறதுக்கு இன்னைக்குக் கொஞ்சந்தான் மொதலாளியம்மா. வெள்ளி மீனு ஏற எடம் விடல இதுவ."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. செசிலி கட்டிய கயிற்றையே மறுபடி அவிழ்த்துக் கட்டினாள். இந்தப் பதிலை எந்த எண்ணால் வகுப்பது என்று தெரியாமல், மங்கையர்க்கரசி கருவியைக் கையில் பிடித்தபடி கடலைப் பார்த்து நின்றார்.